நாற்பத்தொன்று, டானர் தெரு

போர்ட் ஹாலம்
ஏப்ரல் 14, 1984

அன்புத் தம்பி ஹோசியாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் நீயாக எழுத மாட்டாய், தெரியும். ஏரியில் பனி உடைந்து இரும்புத்தாதுக் கப்பல்கள் கிளம்பிவிட்டன என்று பேப்பரில் பார்த்தேன். இங்கே நான் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்காலில்தான் வலி, வாயில் ஒரு குறையும் இல்லை.

பெரிய சேதி ஒன்று. நம் தேவாலயச் சபை போட்ட வழக்கில் ஜெயித்துவிட்டோம். போலீஸ் ரகசியப் பிரிவு நம் ஆற்றடிப் பேட்டை ஜனங்களை வேவு பார்த்து எழுதி, நகர மன்ற நிலவறையில் பூட்டி வைத்த தாள்கள் மொத்தமும் வெளியே வரப்போகின்றன. மாநகராட்சி வக்கீல் கடைசிவரை மல்லுக்கட்டினான். பொதுமக்கள் பார்வைக்கு வைக்கக் கூரையுள்ள இடம் எதுவும் காலியாக இல்லை என்றான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவங்க ஒரு கூரையைக் காட்டினா நீங்க தாளைக் காட்டணும். இந்தக் கோடை முடியற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கூரை போட எனக்கா தெரியாது? பாலங்களுக்குச் சாரம் கட்டும் கம்பெனியில் வரைபடம் போட்டே கண் கெட்டவள் நான். இடம் நம் ஆற்றடியேதான். நெடுஞ்சாலை வருகிறதென்று நம் வீடுகளையெல்லாம் இடித்தார்களே, சாலையும் வராமல் புல் மண்டிக் கிடக்கிறதே, அங்கே. இரும்புக் குழாய்ச் சாரம், மேலே தார்ப்பாய். தரையில் சுண்ணாம்பால் பழைய தெருக்களைக் கோடு போடப் போகிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டில் அளவு இடம். எந்த வீட்டுத் தாளோ அது அந்த வீட்டு இடத்தில் கம்பியில் தொங்கும். நம் ஆட்கள் இன்னும் பேரைச் சொல்வதில்லையே! போன வாரம் மளிகைக் கடையில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பதினேழு டானர்தானே? நான் முப்பது!" என்கிறாள். வீடு போய் இத்தனை வருஷமாகியும் கதவு எண்தான் நமக்குப் பேர்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உரிமைக்காகக் கூட்டம் நடத்திய வெண்டலைப் போலீஸுக்குக் காட்டிக்கொடுத்தது யார்? அடுத்த மாதம் எங்களுக்குக் கல்யாணம் என்றிருந்தது. அவன் எந்த அறையில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பான் என்பதுவரை தெரிந்துகொண்டு போலீஸ்காரர்கள் வந்து சுட்டார்கள். அதைச் சொன்ன வாய் எது என்று தெரியாமல் நான் சாகக் கூடாது.

ஜூலையில் திறப்பு. லீவு போட்டு வா. அம்மா சொல்லச் சொன்னாள்: உப்பைக் குறைத்துக்கொள்ளவாம், கப்பல் சமையல்காரன் ருசி பார்த்தே ரத்தக்கொதிப்பு வாங்கிக்கொள்வானாம்.

உன் அக்கா,
வெர்னிட்டா


கப்பலிலிருந்து
மே 5, 1984

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீயும் அம்மாவும் சுகந்தானே? நான் சுகம், உப்பும் குறைவு. டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு பக்கத்தில் வந்ததும் வாளியைக் கயிற்றில் இறக்கித் தூக்கினோம். அதில் உன் கடிதமும் இருந்தது, கேப்டனுக்கு அவர் மனைவியின் வக்கீலிடமிருந்து ஒரு கடிதமும் இருந்தது. கேப்டன் அன்று முட்டையைத் தொடவே இல்லை.

டுலூத் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது இரும்புக் கயிறு அறுந்து ஒருவனுடைய காலை முழங்காலோடு கொண்டுபோய்விட்டது. என் சமையலறை மேஜையில்தான் கிடத்தினோம். ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை அவன் தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு மேஜையைக் கழுவி அதிலேயே ராச்சாப்பாடு போட்டேன். ஒருத்தனும் மிச்சம் வைக்கவில்லை.

கூடாரம் கட்டுவது நல்ல காரியந்தான். ஆனால் அக்கா, அந்தத் தாள்களில் உனக்கு என்ன கிடைத்துவிடும்? போலீஸ்காரன் எழுதியது எதில் உண்மை இருந்திருக்கிறது? வெண்டல் போய்விட்டான். அவன் தம்பி பர்ல் மேப்ரி, அண்ணன் பேரைச் சொன்னாலே இன்னமும் பல்லைக் கடிக்கிறவன். அவன் கையில் ஒரு பேரைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா?

அம்மாவை அங்கே கூட்டிப் போகாதே. முழங்கால் வலியோடு அந்தப் புல்காட்டில் அவளுக்கு என்ன வேலை? வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஹோசியா


போர்ட் ஹாலம்
மே 29, 1984

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னி, நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரிட்டயரான போலீஸ்காரர்கள் இரண்டு டிரக்கில் வந்து இறங்கினார்கள். கையில் பேஸ்பால் மட்டை. பாதிச் சாரம் எழுந்து நின்ற நேரம். ஒருவன் தார்ப்பாய்க் கயிறுகளை அறுத்தான். மேலே நின்ற நம் எஸெல் குழாயோடு கீழே விழுந்தான். விழுந்தவனை மட்டையால் அடித்தார்கள், தோள் எலும்பு இரண்டாகிவிட்டது. நான் சும்மா நிற்பேனா? சாரம் முடுக்கும் ஸ்பேனரை எடுத்து ஒருவன் வாயில் போட்டேன். இரண்டு பல் கீழே விழுந்ததைப் பார்த்த பிறகுதான் என் நெற்றியில் ரத்தம் வழிவது தெரிந்தது. எஸெல் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்புகிறான்: "அக்காகிட்டச் சொல்லுங்க, அந்தப் பல்லையும் நம்பர் போட்டுத் தொங்கவிடச் சொல்லி!"

மறுநாளே கட்டத் தொடங்கிவிட்டோம். அம்மாவை வீட்டில் வைக்கச் சொல்கிறாய். யார் வைப்பது? தினம் ஒரு கூடை பிஸ்கட்டும் பொரித்த கோழியும் கொண்டுவந்து அத்தனை பேருக்கும் பரிமாறுகிறாள். தாள் வந்த அன்று மட்டும் பரிமாறாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

தாள்கள் குப்பை லாரியில் வந்தன. வேண்டுமென்றே அதில்தான் அனுப்பினார்கள். தகவல் கொடுத்தவன் பேர் வரும் இடமெல்லாம் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். ஒவ்வொரு தாளிலும் மேலே ஒரு முகவரி, உள்ளே வேறு முகவரிகள். எதை வைத்துத் தொங்கவிடுவது என்று பெண்கள் கேட்டார்கள். மேலே இருப்பதை வைத்தே தொங்கவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இல்லையென்றால் கோடை முடிந்தாலும் வேலை முடியாது.

நீ அந்த வாரம் லாக்கப்பில் இருந்தாயே, மில் வாசல் கத்திக்குத்துக்காக. செவ்வாய்க்கிழமை விட்டார்கள், வியாழக்கிழமை வெண்டலைச் சுட்டார்கள். உள்ளே இருந்தபோது போலீஸ்காரர்கள் ஏதாவது பேசிக் காதில் விழுந்ததா? யோசித்து எழுது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் வெண்டல் வீட்டுச் சமையலறைத் தரையைத் தேய்த்தவள் நான். சுவரில் இருந்த ஓட்டைகளுக்குள் என் விரல் போனது. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் அக்கா,
வெர்னிட்டா


கப்பலிலிருந்து
ஜூன் 24, 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நெற்றிக் காயம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். போன தடவை தபால் படகைத் தவறவிட்டோம், அதனால் தாமதம்.

இங்கே மூடுபனி. காலையிலிருந்து சங்கு ஊதிக்கொண்டே போகிறோம். இந்த ஞாயிறு பீச் பழப் பணியாரம் செய்தேன். தலைமை எஞ்சினியர் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, ருசி போதாது என்றார்.

ஜூலையில் லீவு கிடைக்காது. அம்மாவிடம் அன்பைச் சொல்.

ஹோசியா


போர்ட் ஹாலம்
ஜூலை 9, 1984

தம்பிக்கு,

நலம். கேட்டதற்குப் பதில் இல்லை, பணியாரம்தான் இருந்தது. போகட்டும், இனி உன் பதில் எனக்கு வேண்டாம். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை திறந்தோம். முதல் ஒரு மணி நேரம் கல்யாண வீடு தோற்றது. சிகாகோவிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்து நடந்து அவரவர் வீட்டில் போய் நின்றார்கள். இருபத்திரண்டாம் நம்பர்க்காரி பக்கத்து வீட்டுக்காரரிடம், "யோவ், கோட்டைத் தாண்டாதே! அன்னிக்கும் இப்படித்தான் என் பூச்செடிய மிதிச்சே" என்று சண்டை பிடித்தாள்.

"உன்னைப் பத்தி எத்தனை தாளு?" என்று கேட்டார் அவர்.

"மூணு."

"மூணுதானா? எனக்குப் பதினொண்ணு. போலீஸ்கூட உன்னை ஒரு ஆளா மதிக்கல பாரு!"

எல்லா வீட்டையும்விட அதிகத் தாள் நாற்பத்தொன்றாம் நம்பரில்தான் தொங்கியது. லெமுவல் ஸ்டோக்ஸ் மாமாவின் சலவைக் கடை இருந்த இடம். மாமா ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டுக்கொண்டு, கொரின் அத்தையோடு அங்கே நின்று, நமக்கு எதற்கு இத்தனை என்று விழித்துக்கொண்டிருந்தார். பர்ல் மேப்ரி போய் அவர் தோளுக்கு மேலாக ஒரு தாளை உரக்கப் படித்தான். "வெண்டல் மேப்ரி, சமையலறைக்குப் பின்னறையில், ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுப்பான். வியாழன் இரவு வீட்டில் இருப்பான். தகவல் தந்தவர்..." அங்கே கறுப்பு மை. "தகவல் பெற்ற இடம்: 41, டானர் தெரு."

எல்லாரும் அவரவர் கோட்டைத் தாண்டி நாற்பத்தொன்றைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

பர்ல் சாதாரணமாகத்தான் கேட்டான். "ஸ்டோக்ஸ் மாமா, நீங்க நிக்கிற எடம் எது?"

"நாப்பத்தொண்ணு. ஏன்டா, மறந்துட்டியா?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

முதல் குத்திலேயே விழுந்துவிட்டார். அப்புறம் யார் யார் அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. விலா முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. பர்ல் அவர் கைகளைத் தரையில் பரப்பி முழங்காலால் அழுத்திக்கொண்டான், எங்கள் ஸ்பேனரை எடுத்து விரல் விரலாக நசுக்கினான். "எந்தக் கையால காசு வாங்கின? எந்தக் கையால?" என்று கேட்டுக்கொண்டே நசுக்கினான். கொரின் அத்தை என் காலைக் கட்டிக்கொண்டு, "வெர்னிட்டா, சொல்லுடி, நிறுத்தச் சொல்லுடி" என்று கதறினாள். நான் காலை உதறி விடுவித்துக்கொண்டேன். அதே காலால் அவர் இடுப்பில் ஓர் உதை விட்டேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஹோசியா. உன்னிடம் எதற்குப் பொய்? இத்தனை வருஷமாக நெஞ்சில் கட்டிக்கொண்டு கிடந்தது அன்றுதான் இறங்கியது.

அம்மா பிஸ்கட் தட்டை ஏந்தியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெர்னிட்டா


கப்பலிலிருந்து
ஜூலை 20, 1984

அக்கா,

லெமுவல் மாமா அதைச் செய்யவில்லை. பர்லிடம் உடனே சொல். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

ஹோசியா


போர்ட் ஹாலம்
ஜூலை 30, 1984

ஹோசியாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

உன் கடிதம் வந்தால் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படிப்பதுதானே நம் வீட்டு வழக்கம். உறையைக் கிழித்ததும் படிக்கத் தொடங்கிவிட்டேன். படிக்காதே என்ற வரிக்கு வருவதற்குள் எல்லாம் படித்தாகிவிட்டது. அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அவன் ஒடம்பு எப்படியிருக்குன்னு எழுதலையா?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

இங்கே நடப்பதைக் கேள். மாமா ஆஸ்பத்திரியில். ஒரு கண் போய்விட்டது. சனிக்கிழமை அவருடைய புதுக் கடையைக் கொளுத்தினார்கள். ஊரார் துணியெல்லாம் உள்ளே எரிந்தது. போலீஸ் வண்டி எதிரில் நின்றது, இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றார்கள். பர்லை இரண்டு நாள் உள்ளே வைத்துவிட்டு, சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். சாட்சி எப்படி இருக்கும்? நானே சொல்லவில்லையே! "கெழவன் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரட்டும், மிச்சத்தையும் முடிக்கிறேன்" என்று மதுக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிக்கொண்டிருக்கிறான். கொரின் அத்தை தினமும் கூடாரத்துக்கு வந்து நாற்பத்தொன்றில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். போகிறவர்கள் அவள்மேல் துப்புகிறார்கள். அவள் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உன் கடிதத்தை பர்லிடம் காட்டினேன். "யாருன்னு சொல்லச் சொல்லு. அப்ப விடறேன்" என்றான்.

இப்போது நான் கேட்கிறேன். உனக்கு எப்படித் தெரியும்? ஒருவனைக் குத்திவிட்டு உள்ளே போனவன் ஒரு வாரத்தில் வெளியே வந்தாய். கேஸ் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெண்டலைப் புதைத்த மறுநாளே கப்பலுக்குப் போய்விட்டாய். இத்தனை வருஷத்தில் இரண்டு தடவைதான் இந்த ஊரில் கால் வைத்திருக்கிறாய். நீயா? நீதான் என்றால் எழுது. அந்தத் தபால் படகில் ஏறி நானே வந்து உன்னைக் கொல்கிறேன்.

வெர்னிட்டா


கப்பலிலிருந்து
ஆகஸ்ட் 17, 1984

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

நான்தான் செய்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் எழுதியும் விட்டேன். அப்படி எழுதினால் எல்லாரும் பிழைத்துவிடுவார்கள், நான் ஏரியிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் தாளில் தேதி இருக்கும், அந்தத் தேதியில் நான் லாக்கப்பில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். கிழித்துத் தண்ணீரில் போட்டேன்.

அம்மா, அக்கா. அம்மாதான்.

ஸ்டோக்ஸ் மாமா கடையில் பின்னறையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாளே. க்ரோல் என்ற சாதாரண உடைப் போலீஸ்காரன் சட்டையைச் சலவைக்குப் போட அங்கே வருவான். மாமா முன்னால் பெட்டியடியில் இருப்பார், பின்னறையில் நடப்பது அவருக்குத் தெரியாது. நான் மில் வாசலில் குத்தினேனே, அவனுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. இருபது வருஷம் உள்ளே போடுவோம், உள்ளே போனால் இந்தப் பையன் உயிரோடு வரமாட்டான் என்று க்ரோல் அம்மாவிடம் சொன்னான். லாக்கப்பில் என்னை அடித்தபோது தான் போட்டிருந்த சட்டையையும் என் ரத்தக் கறையோடு கொண்டுவந்து, துவைக்கச் சொல்லி மேஜையில் போட்டான். அதைப் பார்த்த பிறகு அவள் பேசத் தொடங்கினாள். முதலில் யார் யார் கூட்டத்துக்கு வருகிறார்கள் என்று சொன்னாள். கடைசியில் வெண்டல் எங்கே படுப்பான் என்று கேட்டான். கைது செய்து நாலு நாளில் விட்டுவிடுவோம் என்றானாம்.

பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிவிடும்போது அவளே சொன்னாள். "இது எனக்கும் உனக்கும் மட்டுந்தான்டா. ஒங்கக்காவுக்குத் தெரிஞ்சா செத்துருவா. நீ இங்க இருந்தா ஒன் மூஞ்சியே காட்டிக்குடுத்துரும், போயிரு." அதனால்தான் நான் வருவதில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவேன்?

அன்றைய கேஸை க்ரோல் மூடவில்லை, எங்கேயோ செருகி வைத்திருக்கிறான். இது வெளியே வந்தால் அதுவும் வரும். வரட்டும். என் பேரையும் சேர்த்துச் சொல். சொல்லாவிட்டால் பர்ல் லெமுவல் மாமாவைக் கொல்வான். சொன்னால் அம்மாவைக் கொல்வான். எதைச் செய் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நீயே முடிவு செய். பாவி நான், இதையும் உன் தலையிலேயே கட்டுகிறேன்.

ஹோசியா


போர்ட் ஹாலம்
செப்டம்பர் 14, 1984

அன்புத் தம்பி ஹோசியாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. வலது முன்கை இரண்டு இடத்தில் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. மற்றபடி உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதத்தைச் சாமான் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு இரண்டு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மா சமைத்ததைச் சாப்பிட்டேன், அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். தேய்க்கும்போது அந்தக் காலை அப்படியே முறித்துவிடலாமா என்று தோன்றும். மாமாவை ஒன்பதாம் தேதிக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை காலை அவளே கேட்டாள்.

"வந்துருச்சா?"

"என்னது?"

"ஹோசியா எழுதிட்டான்ல. ரெண்டு வாரமா நீ என் மூஞ்சியப் பாக்கல."

"வெண்டல் இந்த மேஜையிலதான்மா சாப்பிட்டான்" என்றேன்.

"தெரியும். நான்தானே பரிமாறினேன்."

"கைது மட்டுந்தான் பண்ணுவாங்கன்னு அவன் சொன்னதை நம்புனியா?"

"நம்பணும்னு இருந்துச்சு. நம்புனேன்."

"லெமுவல் மாமாவை அடிச்சப்ப பாத்துக்கிட்டுத்தானே நின்னே? அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாம்ல?"

"தொறந்தா ஹோசியா கேஸும் வெளிய வருமே" என்றாள். எதுவும் புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். அவள் துடைப்பத்தை எடுத்துவந்து சில்லுகளைப் பெருக்கினாள். "அவனே சொல்லச் சொல்லிட்டானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நாளைக்கு சபை முடிஞ்சு போலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நீலத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தாள். கூடாரம் நிறைய ஜனம். நேராக நாற்பத்தொன்றுக்குப் போனாள். "கொரின், எந்திரி. நீ ஒக்கார்ற எடம் இது இல்ல" என்றாள். கம்பியிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மார்போடு அணைத்துக்கொண்டு டானர் தெருக் கோட்டின்மேல் நடந்தாள். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவள் கோழியைத் தின்னாதவர் அங்கே யார்? நம் வீட்டு இடத்துக்கு வந்து, பதினேழில், ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினாள்.

பர்ல் வந்தான். "ஐடெல்லா அத்தை, என்ன பண்றீங்க?"

"எடம் மாத்தி மாட்டியிருக்காங்க. சரி பண்றேன்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் கடைசித் தாளையும் மாட்டிவிட்டுத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அந்தக் கடையில பின்னாடி நின்னு தேச்சது நான். க்ரோல்கிட்ட சொன்னதும் நான். லெமுவலுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏன்?" என்றான் பர்ல்.

"எம்புள்ள உள்ள இருந்தான். ஒங்கம்மாவுக்கு ஒரு புள்ள போச்சு. எனக்கு ஒண்ணு திரும்பி வந்துச்சு."

மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரையும் ஏமாற்றுவதாகும் என்று நினைத்தாளோ என்னவோ. பர்ல் சாரத்தில் செருகியிருந்த ஸ்பேனரை உருவினான். நான் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். அவன் ஓங்கினான், இறக்கினான், எல்லாவற்றையும் பார்த்தேன். குறுக்கே போகத் தாராளமாக நேரம் இருந்தது. போகவில்லை. ஒன்று விழட்டும் என்று நின்றேன், ஹோசியா. அந்த ஒன்று வெண்டலுக்கு. அது விழுந்தது. தாடை உடைந்து பல்லெல்லாம் சுண்ணாம்புத் தரையில் சிதறியது, தொப்பி ஆற்றுப் பக்கம் உருண்டது. அவள் விழவில்லை, நின்றுகொண்டே என்னைப் பார்த்தாள். நான் நின்றதை அவள் பார்த்துவிட்டாள். இரண்டாவது அடிக்குக் குறுக்கே பாய்ந்தேன். அதுதான் இந்தக் கை. அதற்குள் எஸெலும் மற்றவர்களும் பர்லை அமுக்கிவிட்டார்கள். அவன் தரையில் கிடந்து அண்ணன் பேரைச் சொல்லி ஊளையிட்டான். எனக்கும் அவனோடு சேர்ந்து கிடந்து கத்த வேண்டும்போல இருந்தது.

இந்த முறை சாட்சி இருந்தது. கொரின் அத்தை போய் எழுதிக் கொடுத்தாள், இரண்டு அடிதடிக்கும். என் உதையையும் சேர்த்துத்தான். கேட்டார்கள், உண்மைதான் என்று கையெழுத்துப் போட்டேன். வழக்கு வரும். மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் கைகளால் இனி ஒரு கரண்டியைப் பிடிக்க முடியாது. போய் வாசலில் நின்றேன். அத்தை கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நியாயந்தான்.

ரத்தக்களரியைக் காட்டிக் கூடாரத்தை உடனே பிரிக்க வேண்டும் என்று மாநகராட்சி வக்கீல் நீதிபதியிடம் ஓடினான். அவர் முடியாது என்றுவிட்டார், இம்மாதக் கடைசிவரை நிற்கும். அம்மா மாட்டிய தாள்கள் பதினேழில்தான் தொங்குகின்றன. எடுக்கட்டுமா என்று எஸெல் கேட்டான். இருக்கட்டும் என்றேன். அதற்குமேல் ஓர் அட்டையில் அம்மா பேரை முழுசாக எழுதி மாட்டியிருக்கிறேன். கீழே உன் பேரும் இருக்கிறது.

அம்மா பிழைத்துக்கொள்வாள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், வாய் திறக்க முடியாது. குழாய் வழியாகச் சூப்பு நான்தான் கொடுக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடி குடிக்கிறாள். அன்று நான் நின்றதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நர்ஸ் ஒரு பென்சிலும் அட்டையும் கொடுத்திருக்கிறாள். இத்தனை நாளில் இன்று காலைதான் முதல் தடவையாக அதில் எழுதிக் காட்டினாள். "எனக்கு அடிபட்டது ஹோசியாவுக்குத் தெரிய வேண்டாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

உன் அக்கா,
வெர்னிட்டா